நினைவில் வைத்த விடை



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், தேர்வுக் கட்டணம் செலுத்தாதோர் பெயர்களைக் காலையில் ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் எழுத்தரின் அறைக்குச் சென்று பேரேட்டைப் புரட்ட வேண்டியதில்லை அல்லவா? ஒருநாள் பிற்பகல் ஒரு மாணவன் நுழைவுச் சீட்டுக் கேட்டு வந்தான். தாளைப் பார்த்தேன்; "நீ இன்னும் பணம் கட்டவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அவனோ நண்பகலிலேயே கட்டியிருந்தான். பேரேடு அதனை அறியும். என் தாள் அறியாது. அவன் கண்கலங்கிச் சென்ற காட்சி இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

கணினி உலகிலும் இத்தகைய தாள் ஒன்று உண்டு. தரவுத்தளத்தைப் பேரேடு எனக் கொள்வோம். வினாவை அதனிடம் எடுத்துச் சென்று விடையுடன் மீளும் தூதனே 'டிரைவர்' எனப்படும் இணைப்பு இயக்கி. 1992இல் வெளிவந்த ஓடிபிசி, 1997இல் வெளிவந்த ஜேடிபிசி ஆகியவை இத்தூதர்களுக்கு வகுக்கப்பட்ட நெறிமுறைகளாம்.

ஒரே வினாவை ஆயிரம் முறை கேட்டால், தூதன் ஆயிரம் முறை நடக்க வேண்டுமா? வேண்டியதில்லை. முதன்முறை பெற்ற விடையை, வினாவின் சொற்களோடும் அதில் இட்ட மதிப்புகளோடும் சேர்த்துத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். அதே வினா மீண்டும் வந்தால், தளத்திற்குச் செல்லாமலே விடை தருகிறான். இதனையே 'கேஷ்' என்பர். இயக்கியே இதனைத் தானாகச் செய்யுமாயின், நிரல் எழுதுவோர் தம் நிரலைப் பெரிதும் மாற்ற வேண்டியதில்லை. பயணம் குறையும், தளத்தின் சுமையும் குறையும்.

ஆயினும், பேரேடு மாறியபின் பழைய விடை பொய்யாகிவிடுமே! இதற்கு இரு வழிகள் உண்டு. முதலாவது, விடைக்கு ஆயுள் குறித்தல்: அறுபது விநாடி கழிந்தால் அதனை எறிந்துவிடுதல். இது எளிது, ஆனால் அந்த அறுபது விநாடிக்குள் பிழை நேரலாம். இரண்டாவது, மாற்றம் நேர்ந்ததும் தூதனுக்கு அறிவித்தல். 2007இல் வந்த ஆரக்கிள் 11ஜி இவ்வழியை மேற்கொண்டது. தூதன் வேறு அலுவலாகத் தளத்திற்குச் செல்லும்போதே, எவ்விடை பழுதாயிற்று என்னும் செய்தியும் உடன் வரும்.

மிகுதியான எச்சரிக்கைக்கும் விலை உண்டு. மைசீக்குவல் தன் தளத்துள்ளேயே இத்தகைய நினைவை வைத்திருந்தது. ஓர் அட்டவணையில் ஒரு வரி மாறினாலும், அவ்வட்டவணையைச் சார்ந்த விடைகள் அனைத்தையும் அது நீக்கிவிடும். மாற்றங்கள் மிகுந்த இடங்களில் உதவியைவிடத் தடையே பெரிதாயிற்று. ஆதலால் 2018இல் வந்த எட்டாம் பதிப்பில் அவ்வசதியே கைவிடப்பட்டது.

எனவே, எதனை நினைவில் வைப்பது என்று ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும். மாவட்டப் பெயர்களின் பட்டியலை ஒருநாள் முழுதும் வைத்திருக்கலாம். குருதி வங்கியின் இருப்பையோ, தொடர்வண்டியில் எஞ்சிய இடங்களையோ அவ்வாறு வைத்திருத்தல் தகாது.

விரைவு நன்று, ஆயினும் விடைக்காகக் காத்து நிற்பவன் ஒரு மனிதன் என்பதை மறவாதீர்கள். அன்று பேரேடு இருந்த அறைக்குச் செல்ல எனக்குப் பத்தடியே இருந்தது.