பொறி பறக்காத பத்மினி

மும்பை டாக்ஸியாக ஓடிய பிரீமியர் பத்மினி 2023 அக்டோபரில் விடைபெற்றது. அதைச் சொந்த வண்டியாகக் காப்பாற்றி வருபவர்களுக்கோ பழைய தலைவலி தொடர்கிறது: ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை.

பதறிப்போய் புதுக் காயில் வாங்குவோர் உண்டு. தேர்ந்த மெக்கானிக் அவசரப்படுவதில்லை. காயிலின் நடு ஒயரை டிஸ்ட்ரிப்யூட்டரிலிருந்து உருவி, ரப்பர் பிடி போட்ட குறடால் இன்ஜின் இரும்பருகே பிடித்து, ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுகிறார். பொறி பறந்தால் கோளாறு மூடியில், ரோட்டாரில் அல்லது பிளக்கில். பறக்கவில்லையா? காயிலுக்குக் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் பல்பு வைத்துப் பார்க்கிறார். வந்தால், முதல் சந்தேகம் பிளாட்டினம் பாயின்ட் மீது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அதன் இடைவெளி அடைபட்டாலோ, கரி படிந்தாலோ பொறி எழாது. கண்டன்ஸர் ஷார்ட் ஆனாலும் அதே கதிதான்.

உப்புத்தாளால் பாயின்டைத் தேய்த்தாலே பல சமயம் வண்டி உறுமுகிறது. கம்ப்யூட்டர் மாட்டிக் கோளாறு பார்க்கும் தலைமுறைக்கு இந்தக் கைப்பழக்கம் வாய்க்கவில்லை. வண்டியைவிட வேகமாக மறைவது அதுதான்.