திரி சரியில்லை ஸார்!

பாமாயில் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ரேஷன் கடை, கியூ, 'பாக்கெட் தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க'. அந்தப் பாமாயிலுக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். தம்பி வடை சுடப் போய்விட்டான். அண்ணன் மெழுகுவர்த்தியாகிவிட்டார்!

விஷயம் இதுதான். பாமாயிலை மெள்ள ஆறவிட்டுப் பிரித்தால், திரவமாக நிற்பது பாமோலின், சமையலறைக்கு வருகிறது. கட்டியாக உறைவது ஸ்டியரின். இதில் ஹைட்ரஜனை ஏற்றி மேலும் கெட்டிப்படுத்தினால் பாம் மெழுகு. சுமார் 60 டிகிரி செல்ஷியஸில்தான் உருகும். சென்னை மே மாதத்தில் அலமாரியில் நிறுத்தி வைத்தாலும், மலிவு மெழுகுவர்த்தி மாதிரி இடுப்பை வளைத்துக்கொண்டு நிற்காது.

நம்ம ஊர்ப் பனை என்று நினைத்துவிடாதீர்கள். நுங்கும் பதநீரும் தருகிற பனைக்கு இது தூரத்துச் சொந்தம்தான். பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. மலேசியத் தமிழர்கள் இதைச் செம்பனை என்கிறார்கள். அங்கே சிலாங்கூரில் 1917-ல் ஹென்றி ஃபோக்கனியர் என்ற பிரெஞ்சுக்காரர்தான் முதன்முதலில் வியாபாரத்துக்கென்று செம்பனைத் தோட்டம் போட்டார். எஸ்டேட்டின் பெயர் தென்னமரம். நட்டதோ பனை! ரப்பர் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் பல, பிற்பாடு செம்பனைக் குலை வெட்டப் போயின. காட்டை அழித்துத் தோட்டம் போடுகிறார்கள் என்ற புகார் இந்த எண்ணெய் மேல் உண்டு, நியாயமான புகார்தான். காட்டைத் தொடாத தோட்டத்து எண்ணெய் என்று சான்றிதழ் தருகிற ஓர் அமைப்பு 2004-லிருந்து இருக்கிறது. மெழுகு வாங்கும்போது அதைக் கேட்டு வாங்கலாம்.

இந்த மெழுகின் கவர்ச்சி வேறு. நன்றாகச் சூடாக, 93 டிகிரிக்கு மேல், அச்சில் ஊற்றி அவசரப்படுத்தாமல் ஆறவிட்டால், மேலெல்லாம் இறகு இறகாகப் படிகம் பூக்கும். கோலம் மாதிரி. உள்ளே சுடர் எரியும்போது அந்தப் படிகம் வழியாக வெளிச்சம் கசியும். பார்த்தவர்கள் 'எங்கே வாங்கினீங்க?' என்று கேட்காமல் போகமாட்டார்கள். கண்ணாடித் தம்ளர் துணையில்லாமல் தன்னந்தனியாக நிற்கிற பருத்த ரகத்துக்கு, கடைக்காரர் பாஷையில் 'பில்லர்', இதைவிடப் பொருத்தமான மெழுகு குறைவு.

இவ்வளவு அழகையும் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் உள்ளே ஒளிந்திருக்கிற ஒரு முழ நூல்!

எனக்குத் தெரிந்த ஒருவர், தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் கிளார்க். ஆதம்பாக்கத்தில் இரண்டு ரூம் வீடு. சம்பளத்துக்கு மேல் கொஞ்சம் வருமானம் வேண்டும் என்று பாம் மெழுகு வாங்கி, மூன்று அங்குல விட்டத்தில் பில்லர் ஊற்ற ஆரம்பித்தார். முதல் ஈட்டில் ஒன்றை ஆபீஸில் சக ஊழியருக்குப் பிறந்த நாள் பரிசாகக் கொடுத்தார். மறுநாள் அந்த நண்பர் முகம் சரியில்லை.

"என்னப்பா, பிடிக்கலையா?"

"பிடிச்சுது. டிவி ஸ்டாண்டுக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சுரண்டச் சுரண்ட வரமாட்டேங்குது."

பக்கச் சுவர் உடைந்து உருகின மெழுகு மொத்தமும் வழிந்திருக்கிறது. கிளார்க் நேரே மெழுகு வியாபாரியிடம் சண்டைக்குப் போனார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"திரி என்ன போட்டீங்க?"

"குத்துவிளக்குத் திரிதான். ரெண்டை முறுக்கிப் போட்டேன்."

"மெழுகு நல்ல மெழுகு ஸார். திரி சரியில்லை ஸார்!"

தூண்டிவிட ஆளில்லை

குத்துவிளக்குத் திரிக்கு என்ன குறைச்சல்? ஒரு குறையுமில்லை, குத்துவிளக்கில் இருக்கிறவரை. அங்கே எண்ணெய் எப்போதும் திரவம். திரி படுத்திருக்கிறது. கரிந்தால் பாட்டியோ அம்மாவோ வந்து தூண்டிவிடுவார்கள். மெழுகுவர்த்தியில் திரி தானே நிற்கவேண்டும், தானே மெழுகை உருக்கி உறிஞ்சவேண்டும், கரிந்த தலையைத் தானே எரித்துக்கொள்ளவும் வேண்டும். தூண்டிவிட ஆளில்லை.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அதற்கும் ஆள் இருந்தார்கள்! முறுக்குத் திரி கரிந்து புகையும் என்பதால் வீட்டுக்கு வீடு திரி கத்தரிக்கத் தனிக் கத்தரிக்கோல். நாடகக் கொட்டகைகளில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள். நாடகம் நடுவில் மேடையேறி, திரி நறுக்கிவிட்டு இறங்குவார். அந்த உத்தியோகத்துக்கு வேட்டு வைத்தவர் காம்பசெரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர். 1825-ல் திரியை முறுக்காமல் பின்னினார். பின்னின திரி எரிய எரிய ஒரு பக்கமாக வளையும். வளைந்த நுனி சுடரின் ஓரத்துக்கு வரும். அங்கேதான் காற்றும் சூடும் அதிகம், நுனி சாம்பலாகிவிடும். பின்னால் வந்த டி மில்லி, திரியைப் போரிக் அமிலத்தில் ஊறவைத்து அதை இன்னும் சுத்தமாக எரியவைத்தார். இன்றைக்கும் நல்ல திரி என்றால் பின்னிப் பதப்படுத்தின பருத்திதான்.

எரிவது திரி இல்லை, மெழுகின் ஆவி. இதைக் குழந்தைகளுக்கே புரியும்படி லண்டனில் 1860 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்கேல் ஃபாரடே பிரசங்கமாகச் செய்து காட்டினார். நீங்களும் செய்யலாம். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த கையோடு, எழும்புகிற வெள்ளைப் புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். குச்சி திரியைத் தொடாமலே, தீ புகை வழியாக இறங்கித் திரியில் உட்காரும்! ஆகத் திரி என்பது ஒரு பம்ப். கிணறு சின்னது, மோட்டார் பெரியது என்றால் என்ன ஆகும், கிணறு பெரியது, மோட்டார் சின்னது என்றால் என்ன ஆகும்... அதே கணக்குதான்.

ரிஜிஸ்டர் போட்ட சோதனை

நம்ம கிளார்க் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தார். ஒரே மெழுகு, ஒரே அச்சு, கலர் இல்லை, சென்ட் இல்லை. திரி மட்டும் வேறு வேறு. மெல்லிசு, நடுத்தரம், தடிமன் என்று சதுரப் பின்னல் திரியில் மூன்று, தட்டைப் பின்னலில் ஒன்று. அடியில் சீட்டு ஒட்டி நம்பர் போட்டார். ஒரு ரிஜிஸ்டர். டெபிட், கிரெடிட் எழுதின கை; கேட்கவேண்டுமா?

திரியை முதலில் உருகின மெழுகில் காற்றுக் குமிழி அடங்கும்வரை முக்கி எடுத்து, நேராக இழுத்துக் காயவைத்தார். ஊற்றின மெழுகுவர்த்திகளை இரண்டு நாள் தொடவில்லை. பிறகு திரியை ஆறு மில்லிமீட்டருக்கு நறுக்கி ஏற்றினார். அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பழைய கணக்கு. மூன்று அங்குல பில்லருக்கு ஒரு தடவைக்கு மூன்று மணி நேரம். அணைத்து, முழுசாக ஆறவிட்டு, மறுபடி நறுக்கி, மறுநாள் மூன்று மணி நேரம். கடைசி வரை இப்படி.

ஃபேன் போடக்கூடாது. காற்றில் சுடர் சாய்ந்தால் ஒரு பக்கச் சுவர் மட்டும் கரையும், அது திரியின் குற்றமா ஃபேனின் குற்றமா என்று தெரியாது. சென்னையில் ஃபேன் இல்லாமல், எரிகிற நாலு மெழுகுவர்த்தியுடன் மூன்று மணி நேரம்! "ஏங்க, கரண்ட் இருக்கும்போதே எதுக்குங்க மெழுகுவர்த்தி?" என்று வீட்டம்மா கேட்டதில் தப்பே இல்லை.

மெல்லிய திரி முதல் ஒரு மணி நேரம் சமர்த்தாக எரிந்தது. சின்னச் சுடர், அழகு. அப்புறம்தான் வேஷம் கலைந்தது. உருகின குளம் விளிம்புப் பக்கமே போகவில்லை. நடுவில் கிணறு தோண்டிக்கொண்டு இறங்கியது. மூன்றாம் நாள் தன் குளத்தில் தானே மூழ்கி அணைந்தது. முக்கால்வாசி மெழுகு அப்படியே நிற்கிறது. காசு கொடுத்து வாங்கினவன் திட்டுவான், ஆனால் ஆபத்தில்லை.

தடித்த திரிதான் வில்லன். பார்த்தால் ஹீரோ மாதிரி உயரமாகச் சுடர். நுனியில் காளான் மாதிரி கரி உருண்டை கட்டும். எரிக்க முடிகிற அளவைவிட அதிக மெழுகை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். புகை, மேலே சுவரில் கரி. மூன்று மணி முடியுமுன்பே பக்கச் சுவர் இளகி, ஒரு மூலையில் பொத்துக்கொண்டு ஊற்றிவிட்டது. நல்லவேளை, அடியில் எவர்சில்வர் தட்டு. டிவி ஸ்டாண்டில் நடந்தது என்ன என்று அன்றைக்குத்தான் அவருக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

தட்டைப் பின்னல் ரொம்ப வளைந்து, ஒரு பக்கச் சுவரை மட்டும் சாப்பிட்டது. தேறியது நடுத்தரச் சதுரப் பின்னல். குளம் விளிம்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. பில்லரில் அப்படித்தான் நிற்கவேண்டும். கண்ணாடித் தம்ளரில் குளம் ஓரம்வரை போகலாம், அங்கே தம்ளர் தாங்கும். இங்கே மெழுகுதான் சுவர். மெல்லிய ஓடாக அந்தச் சுவர் நிற்க, உள்ளே சுடர் இறங்க இறங்க, படிகமெல்லாம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. வீட்டம்மாவே லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தார்.

கதை முடிந்ததா? இல்லை ஸார். மறு ஈட்டில் மல்லிகை சென்ட் கலந்தார். அதே திரி, அதே மெழுகு; இப்போது சுடர் சோனியாகி மூழ்கப் பார்த்தது! சென்ட், கலர் எதைச் சேர்த்தாலும் மெழுகு எரிகிற விதம் மாறும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் க்ரேயானைக் கரைத்துக் கலர் சேர்க்கிறவர்கள் உண்டு. அந்தத் தூள் கரையாமல் திரியின் கண்ணை அடைத்துவிடும். ஆக, அவர் ரிஜிஸ்டரில் புதுப் பக்கம் திருப்பி, ஒரு சைஸ் மேலே போய், முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பழி ஓரிடம்

பாம் மெழுகில் ஒரு சூது இருக்கிறது. ஆறும்போது உள்ளே சுருங்கிப் பொந்து விழும். வெளியே பார்த்தால் பளிங்கு, உள்ளே குகை. சுடர் அந்த இடத்துக்கு இறங்கினதும் குளம் சடாரென்று பொந்துக்குள் வடியும். திரி மொட்டையாக நிற்கும். சுடர் திடீரென்று எகிறும். பழி திரி மேல்! மேல்பக்கம் ஆடை கட்டும்போதே திரியைச் சுற்றி நாலைந்து இடத்தில் கம்பியால் ஆழக் குத்தி, மீதி மெழுகைச் சூடாக ஊற்றி நிரப்பவேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு மெழுகுவர்த்தியைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். ஒன்று நஷ்டம், மீதி லாபம்.

திரி வாங்கும்போது நம்பரை மட்டும் நம்பாதீர்கள். செருப்பு சைஸ் மாதிரி, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. நடுவில் கம்பி வைத்த திரிகளும் வருகின்றன. ஒரு காலத்தில் சிலவற்றில் ஈயக் கம்பி இருந்தது. எரிந்தால் ஈயம் காற்றில் கலக்கும். குழந்தைகளின் மூளைக்கு ஆகாது. அமெரிக்காவில் 2003-ல் தடையே போட்டார்கள். இப்போது துத்தநாகம் வைக்கிறார்கள். சந்தேகம் வந்தால் திரி நுனியைப் பிரித்துக் கம்பியை வெள்ளைக் காகிதத்தில் தேயுங்கள். பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தால் ஈயமாக இருக்கலாம், தூக்கிப் போடுங்கள். பில்லருக்கு எப்படியும் கம்பி தேவையில்லை.

மெழுகுப் பாத்திரத்தை நேரே காஸ் அடுப்பில் வைக்கவேண்டாம். கொதிக்கிற தண்ணீருக்குள் வைத்து உருக்குங்கள். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தீ பொங்கிச் சிதறும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள். சோதனை நடக்கும்போது பக்கத்துத் தெருவுக்கு டீ குடிக்கப் போவதும் கூடாது. வீட்டில் திரைச்சீலை இருக்கிறது.

சோதித்து மிச்சமான துண்டுகளை எறியவேண்டாம். அரை அங்குலத்தோடு எரிப்பதை நிறுத்தி, கரித்திரியைப் பிடுங்கிவிட்டு, உருக்கி வடிகட்டினால் மறுபடி ஊற்றலாம். எல்லாக் கலரும் கலந்து ஒரு மாதிரி சாம்பார் நிறத்தில் வரும். விற்பனைக்கு ஆகாது. அடுத்த திரியைச் சோதிக்க ஆகும்.