அரைக்கம்பத்தில் தேசியக் கொடி: நாம் அறிந்திருக்க வேண்டியவை



2025 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை. திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார் என்ற செய்தி அன்று பிற்பகலில் நம் இல்லங்களை எட்டியது. இந்திய அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. ஏப்ரல் 22, 23 ஆகிய இரு நாள்களும், பின்னர் நல்லடக்க நாளான 26-ஆம் தேதியும். வழக்கமாகத் தேசியக் கொடி பறக்கும் கட்டடங்கள் அனைத்திலும் அது அரைக்கம்பத்தில் பறக்கும் என்பதும் அறிவிப்பில் இருந்தது.

மறுநாள் காலை நமக்குத் தெரிந்த பங்குப் பள்ளி ஒன்றில் நடந்தது இது. கொடியைக் கீழிருந்து பாதிக் கம்பம் வரை இழுத்து அங்கேயே முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கம்பத்தின் உச்சியில் ஒரு கறுப்புத் துணி. அன்போடு செய்ததுதான், ஐயமில்லை. அவ்வழியே திருப்பலி முடிந்து வந்த முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் நின்று பார்த்தார். "ஐயா, கொடியை முதல்ல மேலே வரைக்கும் கொண்டு போங்க. அப்புறம்தான் இறக்கணும். அந்தத் துணியை எடுத்திடுங்க" என்றார். நம்மில் பலருக்கு அன்றுதான் இப்படி ஒரு முறை உண்டு என்பதே தெரிந்தது.

2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டிய நாளில் கொடியை முதலில் உச்சிவரை ஏற்ற வேண்டும். அதன் பிறகே பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் கழற்றும்போதும் அப்படியே: மறுபடி உச்சிக்குக் கொண்டு சென்று, பிறகு முழுவதுமாக இறக்க வேண்டும். பாதியிலிருந்து நேரே கீழே கொண்டுவருவது முறையன்று. நாட்டின் கொடிக்கு உரிய இடம் உச்சிதான். துக்கத்தின் பொருட்டு அது அங்கிருந்து இறங்கி வருகிறது, அவ்வளவே. கொடியின் மீதோ கம்பத்தின் மீதோ பூ, மாலை, சின்னம் என எதையும் வைக்கக் கூடாது என்பதால் கறுப்புத் துணிக்கும் அங்கே இடமில்லை. (கொடியேற்று நாளில் மடித்த கொடிக்குள் பூவிதழ் வைத்து விரிப்பது மட்டும் அனுமதிக்கப்பட்டுள்ளது.)

யாருக்காகக் கொடி இறங்கும் என்பதற்கும் வரிசை உண்டு. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் ஆகியோர் இறந்தால் நாடு முழுவதும். ஆளுநர், முதலமைச்சர் ஆகியோருக்கு அந்தந்த மாநிலம் முழுவதும். பிற நாட்டுத் தலைவர்களுக்கு உள்துறை அமைச்சகம் அவ்வப்போது தனியே ஆணை பிறப்பிக்கும். இரண்டாம் எலிசபெத் அரசியாருக்காக 2022 செப்டம்பர் 11 அன்று ஒரு நாள் துக்கம் கடைப்பிடிக்கப்பட்டது நினைவிருக்கலாம்.

இங்கேதான் நம் பங்குகளில் அடிக்கடி எழும் ஒரு கேள்வி வருகிறது. முப்பது ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்த பங்குத்தந்தை இறந்துவிடுகிறார். பள்ளியைக் கட்டி எழுப்பிய அருள்சகோதரி மறைந்துவிடுகிறார். வளாகக் கொடியை ஒரு நாள் பாதிக்கு இறக்கினால் என்ன? மனத்தாங்கல் வேண்டாம், ஆனால் கூடாது. தேசிய மரியாதைக்கு இழிவு செய்வதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 2003-இல் திருத்தப்பட்டபோது, அரசின் ஆணைப்படி பொதுக் கட்டடங்களில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும் நாள் தவிர வேறு நாளில் அவ்வாறு பறக்கவிடுவதும் அவமதிப்பு என்று சேர்க்கப்பட்டது. இச்சட்டத்தின் கீழ் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. நாட்டின் கொடி நாடு முழுவதற்கும் உரியது. நம் ஒரு பங்கின் துயரத்துக்காக அதை நாமே இறக்க முடியாது. நமக்குத் துக்க மணி இருக்கிறது, கல்லறைச் செபம் இருக்கிறது, முப்பதாம் நாள் திருப்பலி இருக்கிறது.

நினைவு நாள் என்றாலே கொடி இறங்க வேண்டும் என்று நினைப்பதும் சரியன்று. ஏப்ரல் 6 முதல் 13 வரை தேசிய வாரம். 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக்கில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் நினைவாக அமைந்தது. ஆயினும் அந்த வாரத்தில் கொடி முழுக் கம்பத்தில்தான் பறக்கிறது. அதுமட்டுமன்று; குடியரசு நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், தேசிய வாரம் ஆகியவற்றில் தலைவர் ஒருவரின் மரணத் துக்கம் வந்து சேர்ந்தாலும் கொடி இறங்குவதில்லை. உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தில் மட்டும் இறங்கியிருக்கும். உடலை எடுத்துச் சென்றதும் அங்கும் உச்சிக்கு ஏறிவிடும். காந்தியடிகள் 1948-இல் சுடப்பட்ட ஜனவரி 30 அன்று நாம் செய்வது காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் எழுந்து மௌனமாக நிற்பது.

ஆகஸ்டு 15 நமக்கு இரட்டை விழா. அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு ஏறிய கொடி ஆலயக் கொடிமரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். தேசியக் கொடியை அதே மரத்தில் ஏற்றக் கூடாது. தனிக் கம்பம் வேண்டும். வேறெந்தக் கொடியும் அதைவிட உயரத்தில் இருக்கலாகாது. கொடிமரம் ஐம்பதடி, தேசியக் கொடிக்கு ஒரு மூங்கில் கழி என்று பக்கத்தில் பக்கத்தில் நடும் வழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். சற்றுத் தள்ளி, பள்ளி மைதானத்தில் ஏற்றினால் சிக்கலே இல்லை.

இனி, சவப்பெட்டியின் மேல் போர்த்தும் கொடி. அரசு மரியாதை, இராணுவம், துணை இராணுவப் படைகள் ஆகியவற்றின் இறுதிச் சடங்குகளில் மட்டுமே இதற்கு அனுமதி. காவி நிறம் இறந்தவரின் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கல்கத்தாவில் 1997 செப்டம்பர் 13 அன்று அன்னை தெரேசாவின் உடல், முன்பு காந்தியடிகளையும் நேருவையும் சுமந்த பீரங்கி வண்டியில் தேசியக் கொடி போர்த்திச் சென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் நம்மில் பலர். எந்தப் பதவியிலும் இராத ஒரு துறவிக்கு நாடு அந்த மரியாதையை அளித்தது. கொடியைக் குழிக்குள் இறக்கக் கூடாது, சிதையில் எரிக்கவும் கூடாது.

அமெரிக்கத் திருஅவையின் அடக்கச் சடங்கு நூலில் ஒரு குறிப்பு உண்டு. ஆலய வாசலிலேயே பெட்டியிலிருந்து தேசியக் கொடியை எடுத்துவிட வேண்டும், உடல் வெளியே வந்த பிறகு மீண்டும் போர்த்தலாம் என்கிறது. ஆலயத்துக்குள் அந்த இடத்தில் திருமுழுக்கை நினைவூட்டும் வெண்துகில் விரிக்கப்படுகிறது. உள்ளே படைத்தளபதிக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒரே துணிதான்.

படைவீரர் ஒருவரின் உடல் நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு வரும் நாளில், பெட்டியைக் குழியில் இறக்குமுன் வீரர்கள் கொடியை எடுத்து மடித்து அவருடைய மனைவியிடமோ பெற்றோரிடமோ கொடுப்பார்கள். அவர்கள் மடித்து முடிக்கும்வரை பாடகர் குழு பாட்டைத் தொடங்காமல் காத்திருக்கட்டும். கைபேசியோடு முன்னே நெருங்கும் இளைஞர்களைப் பங்குப் பேரவையினர் சற்றுப் பின்னே நிறுத்தி, அந்தத் தாய்க்கு இடம் விடட்டும்.