அனுப்பியவர் பெயரில்லாத மின்னஞ்சல்

பெயரில்லாக் கடிதத்தை நம்பி எந்த வியாபாரியும் பணம் அனுப்பமாட்டார். மின்னஞ்சலுக்கும் அதே ஒழுங்குதான். அனுப்பியவர் முகவரியும் திகதியும் கட்டாயம் இருக்க வேண்டுமென 2008இல் வெளியான சர்வதேச மின்னஞ்சல் நியமம் கூறுகிறது.

அனுப்பியவர் இடம் வெறுமையாக வந்தால் மென்பொருள் என்ன செய்ய வேண்டும்? தானாக ஒரு பெயரை இட்டு நிரப்பக் கூடாது; சத்தமின்றி அழித்துவிடவும் கூடாது. 'அனுப்பியவர் விபரம் இல்லை' என எச்சரித்து ஒதுக்கி வைப்பதே முறை. அனுப்பியவரை உறுதிசெய்ய முடியாதபோது ஜிமெயில் கேள்விக்குறி காட்டுவதும் இதற்காகத்தான்.

ஆனால், பெயர் இருப்பதாலேயே மடல் உண்மையாகிவிடாது. அவ்விடத்தில் யாரும் யாருடைய பெயரையும் எழுதலாம். ஆகவே, 'எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று சரக்கு அனுப்புபவர் பெயரில் மடல் வந்தால், உங்களிடமுள்ள பழைய தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்ட பின்பே பணம் அனுப்புங்கள். அழைப்புக்குச் செலவு சொற்பம்; ஏமாந்தால் போவது முதல்.