இருபது ஆண்டு கழித்துத் திரும்பிய குதிரைகள்

2006-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தில் 'பீகி பீகி' என்றொரு பாட்டு உண்டு. வங்கதேசப் பாடகர் ஜேம்ஸ் கரகரத்த குரலில் பாடியது, இசை பிரீதம். வங்காளி தெரியாத நம்மவர்கள்கூட ரேடியோவிலும் டீக்கடையிலும் கேட்டு முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் அந்த மெட்டு பம்பாயில் பிறந்ததல்ல. 1995-இல் கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் வெளியான ஒரு கேசட்டில் 'ப்ரிதிபீட்டா நாகி' என்ற பெயரில் இருந்த பாட்டின் மெட்டு அது. அதன் கர்த்தா கௌதம் சட்டோபாத்யாய். இந்திப் படம் வந்தபோது அவர் காலமாகி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கௌதம் நடத்திய இசைக்குழுவின் பெயர் 'மொஹீனேர் கோராகுலி'. 'மஹீனின் குதிரைகள்' என்று பொருள். இந்நகரில் இன்று கல்லூரி விழா எதற்குப் போனாலும் அவர்கள் பாட்டு ஒன்றாவது ஒலிக்காமல் இருப்பதில்லை. தங்கள் காலத்தில் அவர்களைக் கேட்க வந்தவர்கள் சொற்பமே. கலைந்துபோன பிறகுதான் ஊர் அவர்களைத் தேடத் தொடங்கியது.

நம் ஊரில் கச்சேரி என்றால் கர்நாடக சங்கீதம். மெல்லிசைக் கச்சேரி என்றால் சினிமாப் பாட்டு. கோயில் திருவிழாவில் கோட்டு சூட்டுடன் கிதாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் டி.எம்.எஸ்., சுசீலா பாட்டுகளை அச்சு அசலாகப் பாடினால் போதும், கைதட்டல் கூரையைப் பிளக்கும். தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, சினிமாவின் தயவு இல்லாமல் ஒரு கோஷ்டி மேடையேறுவது என்பது நமக்குப் பழக்கமில்லாத சங்கதி. கல்கத்தாவுக்கும் 1975-இல் அது பழக்கமில்லாததாகவே இருந்தது. ஆங்கிலப் பாட்டுக்குப் பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டல்கள் இருந்தன. வங்காளிப் பாட்டு என்றால் ரவீந்திர சங்கீதம், நஸ்ருல் கீதம், இல்லாவிட்டால் சினிமா.

அந்தப் பார்க் ஸ்ட்ரீட்டில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மவுண்ட் ரோடு 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில் பட்டுப்புடவையும் பொட்டுமாக ஆங்கிலப் பாட்டுப் பாடத் தொடங்கிய உஷா உதுப், 1969 வாக்கில் இங்கே 'டிரிங்காஸ்' ஹோட்டலில் பாட வந்தார். பிறகு கல்கத்தாக்காரராகவே ஆகிவிட்டார். பிரசிடென்சி கல்லூரி மாணவரான கௌதமும் அறுபதுகளின் கடைசியில் 'தி அர்ஜ்' என்ற ஆங்கிலப் பாட்டுக் குழுவில் சேர்ந்து இதே டிரிங்காஸிலும் 'மூலான் ரூஜ்' ஹோட்டலிலும் கிதார் வாசித்தவர்தாம்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் நக்சல்பாரி இயக்கத்தில் இறங்கினார். கைதாகிச் சிறையில் இருந்தார். வெளியே வந்தபின் ஜபல்பூர், போபால் என்று வெளியூரில் காலம் தள்ளினார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகப் பை தூக்கினார். ஊருக்குத் திரும்பியதும் நாக்தலா வீட்டில் வீட்டுக்காரர்களும் சிநேகிதர்களுமாக ஏழு பேர் கூடினார்கள். கௌதம், பிஸ்வநாத், பிரதீப், ரஞ்சன் கோஷால், ஆபிரகாம் மஜும்தார், தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய். தாபஸை எல்லோரும் பாபி என்பார்கள். (இன்றைக்கு மெட்ரோவில் போகிறவர்கள் கீதாஞ்சலி ஸ்டேஷனில் இறங்கினால் அதுதான் நாக்தலா.) ஆபிரகாம் கையில் பிடில், மற்றவர்கள் கையில் கிதார், புல்லாங்குழல், டிரம்ஸ். நடுவே கிராமத்து பாவுல்களின் ராகம். பாவுல் என்பவர்கள் ஒற்றைத் தந்தி ஏக்தாராவை மீட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடித் திரிகிற பக்கீர்கள். நம் சித்தர் பாடலைப் பாடித் திரியும் பண்டாரங்களை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

குழுவுக்குப் பெயர் சூட்டியவர் ரஞ்சன் கோஷால். கவிஞர் ஜீவனானந்த தாஸ் எழுதிய 'கோரா' என்ற கவிதையில் மஹீன் என்பவனின் குதிரைகள் வருகின்றன, அங்கிருந்து எடுத்தது. ஜீவனானந்தர் முடிவு நம்மவர்கள் பலரும் நாள்தோறும் நடக்கும் தெருவில் நேர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1954 அக்டோபர் 14-ஆம் தேதி ராஷ் பிஹாரி அவென்யூவில் டிராம் மோதி விழுந்தார். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து காலமானார். முருங்கைக்காயும் காபிப் பொடியும் வாங்க லேக் மார்க்கெட் போகிறவர்கள் கடக்கும் அதே டிராம் பாதைதான்.

எட்டே பாட்டுகள்

1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று சிறிய இசைத்தட்டுகள் வந்தன. மூன்றிலும் சேர்த்து எட்டே பாட்டுகள். முதல் தட்டில் இருந்த 'ஹாய் பாலோபாஷி' என்ற பாட்டில் ஓர் இளைஞன் தனக்குப் பிடித்ததையெல்லாம் அடுக்குகிறான். படகுச் சவாரி, பிகாசோவின் ஓவியம், பாப் டிலன், பீத்தோவன், ரவிசங்கர், அலி அக்பர்! எல்லாம் இருந்தும் மனம் நிறையவில்லை என்கிறான். இரண்டாவது தட்டின் தலைப்பு வானத்தில் பறக்கும் அடையாளம் தெரியாத வஸ்துவைப் பற்றியது. காதலும் மழையும் நிலவுமாகப் பாட்டுக் கேட்டுப் பழகிய பத்ரலோகத்துக்கு இது என்ன பாட்டு என்றே விளங்கவில்லை.

ஸ்டார் தியேட்டர், மாக்ஸ்முல்லர் பவன், ரவீந்திர சதன் என்று மேடையேறினார்கள். 1980-இல் செயின்ட் பால் கதீட்ரலில் நடந்த ஜாஸ் விழாவிலும் வாசித்தார்கள். அந்த நாள் கல்கத்தாவை நேரில் கண்டவர்களுக்கு நினைவிருக்கும். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட பள்ளங்கள், மாலை வந்தால் லோட்ஷெடிங். கரண்ட்டை நம்பி கிதார் வாசிக்கிறவர்களுக்கு இதைவிடச் சோதனையான ஊர் கிடைத்திருக்காது!

பாட்டு சோறு போடவில்லை. 1981-இல் குழு கலைந்தது. சண்டை சச்சரவு என்று பெரிதாக எதுவும் தேட வேண்டாம். வேலைக்காக ஊர் விட்டவர்கள் என்றால் நமக்குப் புரியாதா? பிஸ்வநாத் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ போனார். ரஞ்சன் பெங்களூரில் குடியேறி நாடகம், எழுத்து என்று இருந்தார். பிரதீப் என்ஜினீயர் உத்தியோகம் பார்த்தார். ஆபிரகாம் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தார். கௌதம் சினிமா எடுக்கப் போனார். அவர் இயக்கிய 'நாக்மதி' தேசிய விருது வாங்கியது. இசைத்தட்டுகள் கடையில் கிடைக்காமல் போயின. கையில் இருந்தவர்கள் கேசட்டில் பதிந்து இன்னொருவருக்குக் கொடுத்தார்கள்.

மறுபடியும் வந்த விதம்

1992-இல் சுமன் சட்டோபாத்யாயின் 'தோமாகே சாய்' கேசட் வந்தது. கையில் கிதாருடன் ஒரே ஆள், அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சொந்தமாக எழுதிய பாட்டு. அது வீட்டுக்கு வீடு ஒலித்தபோதுதான், இப்படிப்பட்ட பாட்டுக்கும் இங்கே காது உண்டு என்பது தெரிந்தது. பதினைந்து வருஷம் முன்பே இதைச் செய்தவர்கள் இருக்கிறார்களே என்று கல்லூரிப் பிள்ளைகள் கௌதமைத் தேடி வந்தார்கள்.

1995 புத்தகக் கண்காட்சி, அப்போது அது மைதானில் நடந்தது, 'ஆபார் பொச்சோர் குரி போரே' என்ற தொகுப்பு வெளியாயிற்று. 'மீண்டும், இருபது ஆண்டுகள் கழித்து' என்று அர்த்தம். அந்தத் தலைப்பும் ஜீவனானந்தரிடமிருந்து வந்ததே. 1975-ஐயும் 1995-ஐயும் கூட்டிக் கழித்தால் கணக்குச் சரியாக இருக்கும்.

ஆனால் பழைய ஏழு பேரும் கூடி அதே வாத்தியங்களோடு உட்கார்ந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் நாலா திசையிலும் இருந்தார்கள். கௌதம் செய்த யுக்தி வேறு. அட்டையில் 'மொஹீனேர் கோராகுலி தொகுத்தது' என்று போட்டார். ஒரு பத்திரிகாசிரியர் நல்ல கதைகளைச் சேர்த்து மலர் போடுவதுபோல, தம் பாட்டுகளையும் இளைஞர்கள் பாட்டுகளையும் சேர்த்து, இளைஞர்களையே பாட வைத்தார். 1996, 1997, 1998 என்று மேலும் மூன்று தொகுப்புகள் தொடர்ந்தன. 'கிராஸ்விண்ட்ஸ்' போன்ற குழுக்கள் அவற்றில் இடம்பெற்றன. பிறகு வங்காளத்தில் 'பேண்ட்' என்ற பெயரில் மழைக்காலத்துக் காளான்போலக் குழுக்கள் முளைத்தன. கௌதமின் மகன் கௌரவ் 'லக்கிச்சாரா' என்ற குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவரானார்.

அதே 1995-ஆம் ஆண்டின் கடைசியில் லண்டனில் பீட்டில்ஸ் குழுவின் எஞ்சிய மூவர், 1980-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜான் லென்னனின் பழைய டேப் குரலோடு தங்கள் குரலைச் சேர்த்து ஒரு புதுப் பாட்டு வெளியிட்டார்கள். உலகமே அதைப் பற்றி எழுதியது. இறந்தவர் குரலைச் சுற்றி நண்பர்கள் கூடியது அது. உயிரோடிருந்தவர் தம் பாட்டைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தது இது. இரண்டில் எது கடினம் என்று கேட்டால், குரல் இருக்கும்போதே விலகி நின்று அடுத்தவனைப் பாடவிடுவதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. சங்கீதக்காரர்களில் அந்த மனம் எத்தனை பேருக்கு வரும்!

கௌதம் அந்தப் பயிர் விளைந்ததை முழுதாகப் பார்க்கவில்லை. 1999 ஜூன் 20-ஆம் தேதி மாரடைப்பில் காலமானார்.

மேடையில் பாபி

ஆகவே 'மொஹீனேர் கோராகுலியை நேரில் பார்த்தேன்' என்று பிற்காலத்தில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பார்த்தது பாபியைத்தான். தாபஸ் தாஸ், தம்மைவிட முப்பது நாற்பது வயது இளையவர்களைச் சேர்த்துக்கொண்டு, 'மொஹீன் எக்கோன் ஓ பொந்துரா' என்ற பெயரில் பாடி வந்தார். 'இப்போதைய மஹீனும் நண்பர்களும்' என்று சொல்லலாம். இது அசல் குழுவா என்று மூக்கைச் சுளிப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அரங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி இல்லை. குழு கலைந்து பல வருஷம் கழித்துப் பிறந்தவர்கள் அவர்கள். முதல் கிதார் ஒலியிலேயே பாட்டு இன்னதென்று கண்டுகொண்டு, மேடையில் பாடகர் வாய் திறக்கும் முன்பே பாடத் தொடங்கிவிடுவார்கள். 'ப்ரிதிபீட்டா நாகி' வந்தால் சொல்ல வேண்டியதே இல்லை.

2023 ஜனவரியில் பாபிக்கு நுரையீரல் புற்றுநோய் என்ற செய்தி பரவியது. சிகிச்சைச் செலவுக்கு இரு வங்கத்துக் கலைஞர்களும் ரசிகர்களும் பணம் திரட்டினார்கள். மேற்கு வங்க அரசும் சிகிச்சைப் பொறுப்பை ஏற்றது. அந்த நாட்களில் அவர் மேடையேறிய படம் ஒன்று பலரும் பார்த்தது. உணவு செலுத்தும் குழாய் மூக்கில் இருக்கிறது. அதோடுதான் மைக் முன்னால் பாடுகிறார். 1977-இல் ஏழு பேராக அரைகுறையாக நிரம்பிய ஹாலில் பாடியவர், இப்போது அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த கூட்டத்தின் முன்னால் நின்றார்.

ரஞ்சன் கோஷால் 2020 ஜூலை 9-ஆம் தேதி பெங்களூரில் காலமாகியிருந்தார். பாபி 2023 ஜூன் 25-ஆம் தேதி மறைந்தார். கௌதம் மறைந்ததும் ஜூன் மாதத்தில்தான். ஐந்து நாள் இடைவெளி, நடுவே 24 ஆண்டுகள்.

இனி யார் பாடுவார்கள் என்ற கவலை வேண்டியதில்லை. பனிக்காலம் தொடங்கிவிட்டால், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, கல்லூரி மைதானங்களிலும் பாரா விழாக்களிலும் இந்தப் பாட்டுகளைப் பாடாத குழு இல்லை. ஆபீஸ் விட்டு வரும் வழியில் நின்று கேட்டுவிட்டே போகலாம். பாஷை புரியாது என்று நம்மவர்கள் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். பத்து வருஷம் இங்கே ரேஷன் வாங்கி, வீட்டுக்காரனோடு வாடகைக்கு வாதாடிய வங்காளி போதும். இந்தப் பாட்டுகளில் அகராதி தேடும் சொற்கள் அதிகமில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு 'பேஷே ஆஷே கொல்கத்தா' என்ற பாட்டைச் சொல்லலாம். முதல் இசைத்தட்டில் இருந்தது. ஊரை விட்டுத் தொலைவில் இருக்கும் ஒருவனுக்குக் கல்கத்தாவின் நினைவு வருகிறது. புறநகரின் பனிமூட்டமான விடியற்காலை கண்முன் வருகிறது. ஜபல்பூரிலும் போபாலிலும் பை தூக்கிய மனிதர் நடத்திய குழுவின் பாட்டு. கல்கத்தா என்று வரும் இடத்தில் திருநெல்வேலி என்றோ தஞ்சாவூர் என்றோ போட்டுக்கொண்டால் மெட்டு கொஞ்சம் இடிக்கும், அவ்வளவுதான்.