அச்சில் மறைவதும் கோப்பில் எஞ்சுவதும்

எழுத்துப்படி ஒன்று பலர் கையில் திருத்தம் பெறுவது புதிதன்று. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ச் சுவடியில் பல கைகள் செய்த ஆயிரக்கணக்கான திருத்தங்களை இன்றும் காணலாம். பாடபேத ஆய்வாளர் அவற்றைப் பெரும்பேறாகக் கருதுவர். ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்திலோ, குறிகள் நிறைந்த மெய்ப்புத்தாள் அச்சகத்திலேயே தங்கிவிட, தூய படி மட்டுமே வாசகரைச் சென்றடைந்தது. இன்று கணிப்பொறியில் திருத்தப்படியும் தூய படியும் ஒரே கோப்பினுள் அடங்கியுள்ளன. இதனை மறந்தால் நேரும் இடர்களையும் அவற்றைத் தவிர்க்கும் முறையையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. குறிகள் தோன்றும் விதம்

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ‘ரிவியூ’ என்னும் பகுதியிலுள்ள ‘டிராக் சேஞ்சஸ்’ என்பதை இயக்கிவிட்டால், அதன்பின் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும். சேர்த்த சொற்களும் நீக்கிய சொற்களும் வண்ணத்தால் வேறுபட்டுத் தோன்றும். திருத்தியவர் பெயரும் நேரமும் உடன் நிற்கும். ‘காமெண்ட்’ எனப்படும் கருத்துரைகள் ஓரத்தில் இடம்பெறும். ஆய்வேட்டைத் திருத்தும் ஆசிரியருக்கும், தீர்மான வரைவை ஆராயும் குழுவினருக்கும் இஃது உற்ற துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நிலையிலேயே அச்சிட்டால் குறிகள் யாவும் தாளில் இறங்கும்; ஓரக்குறிப்புகளுக்கு இடமளிக்கும்பொருட்டு மூலப் பகுதியும் சுருங்கிவிடும்.

2. குறிகளின்றி அச்சிடல்

இதற்கு வழிகள் இரண்டு. முதலாவது, ‘ஃபைல்’, ‘பிரிண்ட்’ என்று சென்று, ‘செட்டிங்ஸ்’ என்பதன் கீழுள்ள ‘பிரிண்ட் ஆல் பேஜஸ்’ என்னும் பட்டியலைத் திறத்தல். அதன் அடியில் ‘பிரிண்ட் மார்க்கப்’ என்பதற்கு எதிரே காணும் சரிக்குறியை நீக்கிவிட வேண்டும். இரண்டாவது, ‘ரிவியூ’ பகுதியில் ‘ஆல் மார்க்கப்’ என்றிருப்பதை ‘நோ மார்க்கப்’ என மாற்றியபின் அச்சிடுதல். லிப்ரே ஆபீஸ் ரைட்டரைக் கையாளுவோர், ‘எடிட்’ பட்டியலில் ‘டிராக் சேஞ்சஸ்’ என்பதன்கீழுள்ள ‘ஷோ’ என்பதை அணைத்து, அச்சிடும் பெட்டியில் கருத்துரைகள் வேண்டா எனத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

3. மறைத்தல் வேறு, முடிவு செய்தல் வேறு

குறிகளை மறைத்து அச்சிடும்போது, திருத்தங்கள் அனைத்தும் ஏற்கப்பட்டுவிட்டாற்போன்ற வாசகமே தாளில் வரும் என்பதைப் பலர் அறியார். ‘சேகர நிலத்தைக் குத்தகைக்கு விடலாம்’ என்னும் வரைவில் உறுப்பினர் ஒருவர் ‘குத்தகைக்கு விடலாம்’ என்பதை அடித்து ‘விற்கலாம்’ என எழுதினார் என்க. குழு அதனை ஏற்கவில்லை. ஆனால் கோப்பில் அத்திருத்தத்தை எவரும் தள்ளுபடி செய்யவுமில்லை. அக்கோப்பைக் குறிகளின்றி அச்சிட்டால், குழு தீர்மானியாத விற்பனை, தீர்மானித்ததாகவே தாளில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு திருத்தத்தையும் ‘அக்செப்ட்’ அல்லது ‘ரிஜெக்ட்’ என முடிவுசெய்த பின்னரே இறுதிப் படியை அச்சிடுதல் முறையாகும்.

4. மறைந்தது அழிந்ததாகாது

தாளில் காணப்படாத குறி கோப்பில் இருந்துகொண்டேயிருக்கும். அக்கோப்பை மின்னஞ்சலில் பெறுபவர் அதனை எளிதில் வெளிப்படுத்திக் காணலாம். லெபனான் நாட்டின் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி 2005 பிப்ரவரி 14 அன்று பெய்ரூட் நகரில் கொல்லப்பட்டார். அதனை ஆராய்ந்த ஐக்கிய நாடுகள் ஆணையம் டெட்லெவ் மெலிஸ் தலைமையில் அவ்வாண்டு அக்டோபரில் அறிக்கை அளித்தது. சாட்சி ஒருவர் கூறிய சிலரின் பெயர்கள் இறுதிப் படியில் நீக்கப்பட்டிருந்தன. ஆயினும் வெளியான வேர்டு கோப்பில் அந்நீக்கங்கள் பதிந்திருந்தமையால், பெயர்கள் உலகறிய வெளிப்பட்டன. யாருடைய வற்புறுத்தலால் நீக்கப்பட்டன என்னும் ஐயமும் எழுந்தது. அறிக்கை பொதுமக்களிடம் செல்லும் என்று அறிந்ததும், மெய்ப்பிக்கப்படாத குற்றத்தை ஒருவர்மேல் ஏற்றலாகாது என்று தாமே நீக்கியதாக மெலிஸ் விளக்கினார். நீக்கியதன் நோக்கம் செம்மையானதே. ஆனால் காக்கப்பட வேண்டியவர்களை அது காக்கவில்லை.

5. அனுப்புமுன் செய்யவேண்டியவை

முதற்கண், குறிகளுடன் கூடிய படியை வேறு பெயரில் காப்பிட்டு வைத்துக்கொள்க. வெளியே செல்லும் படியில் எல்லாத் திருத்தங்களையும் முடிவுசெய்து, கருத்துரைகள் அனைத்தையும் அழித்துவிடுக. அதன்பின் ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’, ‘செக் ஃபார் இஷ்யூஸ்’, ‘இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்’ என்னும் வரிசையில் சென்றால், எஞ்சிய குறிகளும் ஆசிரியர் பெயர் முதலிய விவரங்களும் உளவோ என வேர்டே ஆராய்ந்து கூறும். வேண்டாதவற்றை அங்கேயே நீக்கலாம். பெறுபவர் திருத்த வேண்டுவதில்லையெனில், அத்தூய படியைப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவதே சிறந்தது.

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் அறிக்கை, ஊழியர் ஒருவரைப் பற்றிய நற்சான்றுக் கடிதம், குடும்பப் பிணக்கு குறித்த மடல் ஆகியன குருமார் அலுவலகங்களில் நாள்தோறும் உருவாகின்றன. முதல் வரைவில் கடிந்தெழுதிய ஒரு சொல்லை, இரண்டாம் சிந்தனையில் அன்பு கருதி நீக்குகிறோம். அச்சொல் கோப்பினுள் ஒளிந்திருந்து உரியவர் கண்ணில் படுமாயின், நீக்கியதால் பயன் என்ன? எனவே தாளைச் சரிபார்க்கும் அதே கவனத்தோடு, அனுப்பும் கோப்பையும் ஒருமுறை திறந்து பார்த்தல் நம் கடமையாகும்.