பள்ளிக்கரணையில் சதுப்பு நிலம் 'அபேஸ்'! குப்பை மேட்டுக்கும் மாடி வீட்டுக்கும் நடுவே பறவைகள் குடித்தனம்

பள்ளிக்கரணையில் பட்டப்பகலில் ஒரு திருட்டு நடந்தது. பூட்டை உடைக்கவில்லை. யாரும் கூச்சல் போடவில்லை. போனது நகையோ பணமோ அல்ல. ஒரு சதுப்பு நிலம்!

ஒரு காலத்தில் இது சுமார் 5 ஆயிரம் ஹெக்டேருக்குப் பரந்து கிடந்தது. வேளச்சேரியில் இருந்து சோழிங்கநல்லூர் பக்கம் வரை தண்ணீரும் கோரையும்தான். இப்போது அங்கே ரெயில் நிலையம், கம்பெனிகள், அடுக்குமாடிகள். ஊடே பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி ரோடு. ஆட்டையைப் போட்டதில் சர்க்காருக்கும் பங்கு உண்டு.

இன்னொரு பக்கம் பெருங்குடி குப்பை மேடு. வருடக்கணக்கில் மாநகராட்சி லாரிகள் கொட்டியது. 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாள் கணக்கில் எரிந்தது. சுற்றுவட்டாரமே மூக்கைப் பொத்திக்கொண்டது.

அம்மா ஓட்டம், அப்பா அடைகாப்பு!

இத்தனைக்கும் நடுவில்தான் பறவைகள் குடித்தனம் நடத்துகின்றன.

நீளவால் இலைக்கோழி என்று ஒன்று. விரல்கள் ரொம்ப நீளம். அதனால் மிதக்கிற இலை மேலேயே நடக்கும், மூழ்காது. பெண் கோழி முட்டை போட்டுவிட்டு அடுத்த ஜோடி தேடிக் கிளம்பிவிடும். அடைகாப்பது, குஞ்சை வளர்ப்பது எல்லாம் அப்பா தலையில்! எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் இந்தக் கேஸ் எடுபடாது.

நீலத் தாழைக்கோழிக்குக் கோரைத் தண்டுதான் சாப்பாடு, கோரைப் புதர்தான் வீடு. பூநாரை தலையைக் கவிழ்த்து, சேற்றுத் தண்ணீரை அலகால் வடிகட்டித் தின்னும். அதற்கு ஆழமில்லாத தண்ணீர் வேண்டும். மண்ணைக் கொட்டி மேடாக்கினால் அதற்குப் பட்டினிதான். கண்ணாடி விரியனும் இங்கே உண்டு. கோரைக்குள் கால் வைத்துவிடாதீர்கள்.

வெள்ளம் எங்கே போகும்?

'பறவை போனால் நமக்கென்ன?' என்று கேட்பவர்கள் இதையும் படியுங்கள்.

தென் சென்னை வட்டாரத்தில் 31 ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் இங்கேதான் வந்து சேருகிறது. சதுப்பு நிலம் அதைப் பஞ்சு மாதிரி வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு மெல்ல விடும். அங்கிருந்து கோவளம் முகத்துவாரம், கடல். வாங்கி வைக்கிற இடம் சுருங்கினால் தண்ணீர் வீட்டுக்குள்தானே வரும்? 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைவாசிகள் பட்ட பாடு ஊரறிந்தது.

மிச்சம் இருப்பதில் 317 ஹெக்டேர் 2007-ல் காப்புக்காடாக வனத்துறை கைக்கு வந்தது. 2022-ல் 1,247 ஹெக்டேர், ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியது.

பட்டியலில் ஏறிய பிறகும் கட்டிட அனுமதி விவகாரம் ஓயவில்லை. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. சதுப்பு நிலத்திலும், அதைச் சுற்றி 1 கிலோ மீட்டருக்குள்ளும், ஆய்வு முடிகிற வரை புதிதாகக் கட்டிட அனுமதி தரக்கூடாது என்று உத்தரவு போட்டது. அதே ஆண்டு விவகாரம் ஐகோர்ட்டு படியும் ஏறியது.